ஒரே சர்வர், பல வாடிக்கையாளர்கள்: ஒருவர் கோப்பு இன்னொருவர் கண்ணில் படாமல் அமைக்கும் முறை

சாட்ஸ்வர்த்தில் கணக்கு எழுதும் அலுவலகம், ஃபீனிக்ஸில் அச்சகம், டொங்காட்டில் ஆவணங்களை ஸ்கேன் செய்து தரும் கடை என்று டர்பனைச் சுற்றியுள்ள சிறு தொழில்கள் பலவற்றுக்கும் ஒரே தேவைதான். வாடிக்கையாளர் பெரிய கோப்புகளை அனுப்ப வேண்டும், வேலை முடிந்ததும் நாம் திருப்பித் தருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸப்பில் வந்ததை எந்த ஊழியரின் போனில் வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒரு ஃபைல் சர்வர் வைத்தால் இந்த அல்லல் தீரும்.

வைப்பது கடினமில்லை, சரியாக வைப்பதில்தான் கவனம் வேண்டும். புடவைக் கடைக்காரர் உள்ளே வந்தால், பேக்கரிக்காரருக்கும் அங்கே ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியக் கூடாது. திறக்க முடியாமல் இருந்தால் போதாது, பெயர்கூடக் கண்ணில் படக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை மனதில் வைத்து எழுதப்பட்டது. லினக்ஸில் அடிப்படைக் கட்டளைகள் தட்டத் தெரிந்திருந்தால் போதும். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்படி தந்திருக்கிறோம், திரையில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் உள்ளே விடுவது

வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியாக மறையாக்கம் செய்து கோப்பு அனுப்பும் முறை), அலுவலகத்துக்குள் இருக்கும் ஊழியருக்கு சம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் ஷேராகக் காட்டும் மென்பொருள்). இந்தப் பிரிவினையை மாற்ற வேண்டாம்.

பழைய எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகும். அதற்குமேல் பூட்டுப் போட்ட எஃப்டிபிஎஸ் பாதுகாப்பானதுதான், ஆனால் தரவுக்கென்று தனியாகப் பல போர்ட்டுகளைத் திறக்கச் சொல்லும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சிற்றலுவலகத்தில் 'லாகின் ஆகிறது, ஃபோல்டர் பட்டியல் வரவில்லை' என்ற புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். எஸ்எஃப்டிபிக்கு ஒரே போர்ட், 22. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இருந்தால் அதுவும் கூடவே இருக்கும்.

விண்டோஸ் ஷேரை, அதாவது 445ஆம் போர்ட்டை, எக்காரணம் கொண்டும் இணையத்தின் பக்கம் திறக்காதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்.

சர்வரை எங்கே வைப்பது

அலுவலகத்திலேயே ஒரு சிறிய கணினி, அல்லது வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது தரவு மையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர். முடிவு செய்வதற்கு முன் இரண்டைச் சோதியுங்கள்.

முதலாவது, உங்கள் இணைப்புக்குப் பொது ஐபி முகவரி உண்டா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். எல்டிஇ இணைப்புகளில் இது வழக்கம், சில ஃபைபர் திட்டங்களிலும் உண்டு. அப்படி இருந்தால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு சரியாக எழுதினாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விபிஎஸ்தான் வழி.

இரண்டாவது, அப்லோடு வேகம். வாடிக்கையாளர் இறக்கிக்கொள்வது உங்கள் அப்லோடு வழியாகத்தான். அது வினாடிக்கு 10 மெகாபிட் என்றால், 1 ஜிபி போய்ச் சேர ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். அதுவும் வேறு யாரும் பயன்படுத்தாதபோது. அச்சகக் கோப்புகளுக்கு இது போதாது. கணக்கு அலுவலகத்துக்குத் தாராளம்.

விபிஎஸ் எடுப்பதானால் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே எடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இலும் அமேசான் 2020-இலும் இங்கே தரவு மையம் திறந்துவிட்டன, கூகுள் 2024-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கியது. உள்ளூர் நிறுவனங்களும் ஏராளம். நாட்டை விட்டு வெளியே போகும் தனிநபர் தகவலுக்கு, அத்தகவலைக் காக்கும் போப்பியா சட்டத்தின் 72ஆம் பிரிவு தனியாக நிபந்தனைகள் வைக்கிறது, அந்தத் தலைவலி சிறு அலுவலகத்துக்கு வேண்டாம்.

அலுவலகத்தில் வைப்பவர்கள் மின்சாரத்தைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். லோட் ஷெடிங் குறைந்திருக்கும் காலத்திலும் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் ஓய்வதில்லை. சிறிய கணினி 40 வாட், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்த்து 20 வாட் என்று வையுங்கள், மொத்தம் 60 வாட். கடையில் மலிவாகக் கிடைக்கும் 650 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 84 வாட்-மணி. இழப்புகள் போக முக்கால் மணி நேரம் தாங்கினாலே அதிர்ஷ்டம். இரண்டு மணி நேர வெட்டுக்கு அது உதவாது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும், அதே சுமையை ஒரு பகல் பொழுதுக்கும் மேலாகத் தாங்கும். ஈய-அமில பேட்டரியை அடிக்கடி வெறுமையாக்கி, முழுதாக ஏறுவதற்குள் மறுபடியும் இறக்கினால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து சில மாதங்களிலேயே சாகும். வெட்டு அதிகமான காலத்தில் யுபிஎஸ்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் இதுதான்.

யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, 'நட்' மென்பொருளை நிறுவி, பேட்டரி குறைந்ததும் தானாக அணையும்படி வையுங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி மாற்றுங்கள். இதை மறந்தால், வெட்டு முடிந்த பிறகு யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சர்வர் தூங்கும்.

தரையில் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஃபோல்டர்களும் குழுக்களும்

இயங்குதளம் டெபியன் 12 அல்லது உபுண்டு 24.04 என்று கொள்கிறோம். 4 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1 முறையில் கண்ணாடிப் பிரதியாக இணைத்து, எக்ஸ்ட்4 வடிவில் '/எஸ்ஆர்வி' என்ற இடத்தில் மவுண்ட் செய்யுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கடைப் பெயரை லாகினாக வைக்காதீர்கள். 'கே101', 'கே102' என்று எண் கொடுங்கள். யாருக்கு எந்த எண் என்பது உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். பெயர் மாறும், உரிமையாளர் மாறுவார், எண் மாறாது. ஏதாவதொரு பதிவுக் கோப்பு தவறிப்போய் வெளியே போனாலும் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பது அதிலிருந்து தெரியாது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குழு. வாடிக்கையாளரின் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு தனி லாகின்: கே101ஏ, கே101பி என்று. ஒரே லாகினை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால், யார் அழித்தார் என்பது ஒருநாளும் தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது மற்ற இருவருக்கும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டி வரும்.

இப்போது கே101-க்கான படிகள்:

1. 'எஸ்எஃப்டிபிஒன்லி' என்ற பொதுக் குழுவை ஒரே ஒரு தடவை உருவாக்குங்கள். ஊழியர் வேலைக்கென்று 'ஆஃபீஸ்' என்ற பயனரையும் உருவாக்குங்கள்.
2. 'குரூப்ஆட்' கட்டளையால் கே101 குழு.
3. /எஸ்ஆர்வி/கஸ்டமர்ஸ்/கே101 என்ற ஃபோல்டர். உரிமையாளர் ரூட், குழு கே101, பெர்மிஷன் 750.
4. அதற்குள் 'இன்' என்ற ஃபோல்டர்: உரிமையாளர் ரூட், குழு கே101, பெர்மிஷன் 2770. வாடிக்கையாளர் அனுப்புவது இங்கே.
5. 'அவுட்' என்ற ஃபோல்டர்: உரிமையாளர் ஆஃபீஸ், குழு கே101, பெர்மிஷன் 2750. நாம் தருவது இங்கே, வாடிக்கையாளர் படிக்கலாம், எழுத முடியாது.
6. 'யூசர்ஆட்' கட்டளையால் கே101ஏ: முதன்மைக் குழு கே101, கூடுதல் குழு எஸ்எஃப்டிபிஒன்லி, ஹோம் /எஸ்ஆர்வி/கஸ்டமர்ஸ்/கே101, ஷெல் 'நோலாகின்'. பெரிய எம் என்ற ஆப்ஷனைப் போட்டால் ஹோம் ஃபோல்டரைப் புதிதாக உருவாக்காது.
7. ஆஃபீஸ் பயனரை கே101 குழுவில் சேருங்கள்.

கடைசிப் படியில் 'யூசர்மாட்' கட்டளைக்குச் சின்ன ஏ-யும் பெரிய ஜி-யும் சேர்த்தே தர வேண்டும். சின்ன ஏ விட்டுப்போனால் ஆஃபீஸ் பயனர் முன்பு சேர்ந்திருந்த எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியே தள்ளப்படுவார். நாற்பதாவது வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது இது நடந்தால், மற்ற 39 பேரின் ஃபோல்டர்களும் உங்கள் ஊழியருக்குத் திறக்காது.

2770-இன் முன்னால் நிற்கும் அந்த 2 எதற்கு? அதற்கு செட்ஜிட் என்று பெயர். உள்ளே யார் எதை உருவாக்கினாலும் அது தானாக கே101 குழுவைச் சேர்ந்துவிடும். கோட்டா (ஒவ்வொருவருக்கும் வைக்கும் இட வரம்பு) உட்பட இந்த அமைப்பின் பாதி அந்த ஒற்றை இலக்கத்தின் மீது நிற்கிறது.

எஸ்எஸ்ஹெச் அமைப்பு

/ஈடிசி/எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் இருக்கும் 'எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்' கோப்பைத் திறங்கள். 'சப்சிஸ்டம் எஸ்எஃப்டிபி' என்று தொடங்கும் வரி ஏற்கெனவே இருக்கும். இன்னொன்று சேர்க்காமல் அதையே திருத்தி, கடைசிச் சொல்லாக 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' என்று போடுங்கள். இரண்டு வரி இருந்தால் சேவை எழாமல் போகலாம்.

பிறகு கோப்பின் அடியில் 'மேட்ச் குரூப் எஸ்எஃப்டிபிஒன்லி' என்று ஒரு வரி. அதன் கீழே: சுரூட்டைரக்டரிக்கு (பயனரை அடைத்துவைக்கும் ஃபோல்டர்) '%ஹெச்', ஃபோர்ஸ்கமாண்டுக்கு 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' உடன் சின்ன யூ 0007, அலவ்டிசிபிஃபார்வர்டிங் 'நோ', எக்ஸ்11ஃபார்வர்டிங் 'நோ'. %ஹெச் என்பது அந்தப் பயனரின் ஹோம். கே101ஏ, கே101பி இருவருக்கும் ஒரே ஹோம் கொடுத்திருப்பதால் இருவரும் ஒரே இடத்துக்குள் அடைபடுவார்கள். 0007 என்பது உருவாகும் கோப்பை வெளியாருக்கு மூடிவைத்து, குழுவில் உள்ளவருக்குத் திறந்துவைக்கும்.

மேட்ச் வரிக்குக் கீழே வரும் எல்லாமே அந்தக் குழுவுக்கு மட்டும்தான் செல்லும், கோப்பு முடியும்வரை. பொதுவான அமைப்பு எதையாவது அதன் கீழே எழுதினால் மற்றவருக்கு அது பொருந்தாது. இன்னொரு பொறி: இந்த இரு இயங்குதளங்களிலும் கோப்பின் தலைப்பிலேயே 'எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் டாட் டி' ஃபோல்டரைச் சேர்க்கும் வரி இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் முதலில் படித்த மதிப்பே நிற்கும். விபிஎஸ்களில், முதல் தொடக்கத்தில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் அங்கே பாஸ்வேர்ட் அனுமதி பற்றி ஒரு வரி போட்டு வைத்திருப்பது வழக்கம். கீழே நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் பலிக்காததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

சேமித்ததும் 'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையைச் சின்ன டீ-யுடன் ஓட்டிப் பிழை இருக்கிறதா பாருங்கள், பிறகுதான் ரீலோடு. இப்போது திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே வந்து பார்த்த பிறகே பழையதை மூடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் விபிஎஸ்ஸில் தன்னையே வெளியே பூட்டிக்கொண்டால் நடந்துபோய்த் திறக்க முடியாது.

புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இங்கேதான் வரும். பாஸ்வேர்ட் சரி, ஆனால் உள்ளே போன மறுகணமே இணைப்பு அறுந்துவிடுகிறது. சர்வரின் பதிவில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சுரூட் டைரக்டரி' என்ற வரி இருக்கும். சுரூட் ஃபோல்டரும், அதற்கு மேலே '/' வரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும், எந்தக் குழுவும் அதில் எழுத முடியாதிருக்க வேண்டும் என்பது விதி. கே101 ஃபோல்டரைத் தவறி 770 ஆக்கினாலோ, கஸ்டமர்ஸ் ஃபோல்டரை ஆஃபீஸ் பயனருக்குக் கொடுத்தாலோ அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். 777 போட்டுப் பார்ப்பது பலரின் முதல் வைத்தியம், நிலைமையை அது இன்னும் கெடுக்கும். வாடிக்கையாளரின் மேல் ஃபோல்டர் 750-ஆகவே இருக்க, எழுதும் இடத்தை 'இன்' என்று உள்ளே தள்ளி வைத்ததும் இந்த விதிக்காகத்தான்.

வாடிக்கையாளராகவே நுழைந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் யாருக்கும் லாகின் கொடுக்காதீர்கள். அலுவலக வைஃபையை விட்டுவிட்டு, போனின் மொபைல் டேட்டா வழியாக மடிக்கணினியை இணையுங்கள். பல ரவுட்டர்களில் உள்ளிருந்துகொண்டே பொது முகவரிக்குப் போனால் வேலை செய்யாது, அதைக் கோளாறு என்று நினைத்து நேரம் போகும்.

கே101ஏ-யாக நுழைந்தால் தெரிய வேண்டியது 'இன்', 'அவுட்' இரண்டு மட்டுமே. மேலே போகும் அம்பை எத்தனை முறை அழுத்தினாலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். நீங்கள் ஏற்றும் கோப்பை 'இன்' ஏற்க வேண்டும். 'அவுட்' மறுக்க வேண்டும். மேல் மட்டத்தில் ஃபோல்டர் உருவாக்கினால் மறுக்க வேண்டும். சாதாரண எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் 'திஸ் சர்வீஸ் அலவ்ஸ் எஸ்எஃப்டிபி கனெக்‌ஷன்ஸ் ஒன்லி' என்று சொல்லித் துண்டித்துவிட வேண்டும். உரிமையாளர் பத்தியில் பெயருக்குப் பதில் 1004 போன்ற வெறும் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடைபட்ட இடத்துக்குள்ளிருந்து பயனர் பட்டியலைப் படிக்க முடியாததால் அப்படி வரும். பிறகு கே102ஏ-யாகவும் இதையே முழுவதும் செய்யுங்கள்.

இடத்துக்கு வரம்பு

ஒருவர் தன் கடையின் சிசிடிவி பதிவு முழுவதையும் ஏற்றிவிட்டால் டிஸ்க் நிறைந்து, மற்ற எல்லாருக்கும் சேர்த்து நின்றுவிடும். குழுவாரிக் கோட்டா போடுங்கள். செட்ஜிட் இருப்பதால், அந்த ஃபோல்டரில் நாம் வைத்தது, அவர் வைத்தது எல்லாமே கே101 குழுவின் கணக்கில் சேரும்.

'கோட்டா' தொகுப்பை நிறுவி, எஃப்ஸ்டேப் கோப்பில் அந்த மவுண்டுக்கு 'ஜிஆர்பிகோட்டா' சேர்த்து, மறுமவுண்ட் செய்து, 'கோட்டாசெக்', 'கோட்டாஆன்' ஓட்டுங்கள். 'செட்கோட்டா' கட்டளையில் அளவு 1 கேபி துண்டுகளாக எழுத வேண்டும்: 20 ஜிபிக்கு 20971520. மென்வரம்பு 20 ஜிபி, வன்வரம்பு 22 ஜிபி என்று வைத்தால், 20-ஐத் தாண்டியவருக்கு ஏழு நாள் அவகாசம் கிடைக்கும். உபுண்டு விபிஎஸ்ஸில் கோட்டா இயங்க மறுத்தால், கெர்னலின் கூடுதல் மாட்யூல் தொகுப்பு நிறுவப்படாததே பெரும்பாலும் காரணம்.

வரம்பு தாண்டியதும் வாடிக்கையாளரின் திரையில் 'கோட்டா முடிந்தது' என்று வராது. வெறும் 'ஃபெய்லியர்' என்றுதான் வரும், ஏனென்றால் எஸ்எஃப்டிபி நெறிமுறையின் இந்தப் பதிப்பில் அதற்கென்று தனிப் பிழை எண் இல்லை. யாராவது 'ஃபெய்லியர்' என்று படம் பிடித்து அனுப்பினால், முதலில் கோட்டாவைப் பாருங்கள்.

ஊழியர் பக்கம்

சம்பாவில் கஸ்டமர்ஸ் ஃபோல்டரை ஒரே ஷேராக வையுங்கள். 'வேலிட் யூசர்ஸ்' வரியில் உங்கள் ஊழியர் குழு, 'ஃபோர்ஸ் யூசர்' வரியில் ஆஃபீஸ், 'கிரியேட் மாஸ்க்' 0640, 'டைரக்டரி மாஸ்க்' 2750. புதிய வாடிக்கையாளர் குழுவில் ஆஃபீஸைச் சேர்த்த பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்கு அது தெரியாது. ஊழியர் துண்டித்து மறுபடி இணைய வேண்டும்.

ஊழியர் 'இன்' ஃபோல்டருக்குள் துணை ஃபோல்டர் உருவாக்கினால், மேலே சொன்ன மாஸ்க்கால் வாடிக்கையாளர் அதற்குள் எழுத முடியாமல் போகும். 'இன்' வாடிக்கையாளருடைய இடம், அங்கே நாம் எதையும் உருவாக்குவதில்லை என்று வழக்கம் வையுங்கள்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. ஊழியர் அதே ஷேருக்குள் இருக்கும் வேலை ஃபோல்டரிலிருந்து முடித்த கோப்பை 'அவுட்'டுக்கு இழுத்துப் போடுகிறார். விண்டோஸ் அதை நகர்த்துகிறது. நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய குழுவையே வைத்துக்கொள்ளும், செட்ஜிட் புதிதாக உருவாகும் கோப்புக்கு மட்டுமே. வாடிக்கையாளருக்குக் கோப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் 'பெர்மிஷன் டினைடு'. காப்பி செய்து ஒட்டச் சொல்லுங்கள். வேலை ஃபோல்டரை வேறொரு ஷேரில் வைத்தால் இழுத்தாலும் காப்பிதான் ஆகும், அது இன்னும் நல்லது.

எல்லாருக்கும் பொதுவான படிவங்களைத் தர வேண்டுமா? சிம்லிங்க் (வேறிடத்தைக் காட்டும் குறுக்குவழி) வேலை செய்யாது, அடைபட்டவர் அதன் மறுமுனையை அடைய முடியாது. பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதே ஃபோல்டரை இங்கேயும் தோன்றும்படி இணையுங்கள், 'ஆர்ஓ' சேர்த்துப் படிக்க மட்டும் என்று வையுங்கள்.

வாடிக்கையாளருக்குத் தருவது

விண்டோஸுக்கு வின்எஸ்சிபி, மேக்கில் சைபர்டக். முகவரி, போர்ட், லாகின் மின்னஞ்சலில் போகட்டும், பாஸ்வேர்டைப் போனில் பேசிச் சொல்லுங்கள். முதல் இணைப்பில் சர்வரின் கைரேகையை ஏற்கிறீர்களா என்று மென்பொருள் கேட்கும். அந்தக் கைரேகையை 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' மூலம் எடுத்து, அதே குறிப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சர்வரை மறுபடி நிறுவினால் கைரேகை மாறும், அத்தனை வாடிக்கையாளருக்கும் பயமுறுத்தும் எச்சரிக்கை வரும். எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரின் ஹோஸ்ட் சாவிகளை பேக்கப்பில் சேர்த்துவிட்டால் இது நடக்காது.

அனுப்பும் நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? வின்எஸ்சிபி பெரிய கோப்பை முதலில் 'ஃபைல்பார்ட்' என்ற ஒட்டுடன் ஏற்றி, முழுதாக வந்த பின்பே உண்மைப் பெயரை வைக்கும். ஃபைல்ஸில்லா நேரடியாக இறுதிப் பெயரிலேயே எழுதும். பாதி வந்த பிடிஎஃப் முழுக் கோப்பு போலவே நிற்கும், ஊழியர் அதை எடுத்து வேலை தொடங்கிவிடுவார். நாங்கள் வின்எஸ்சிபியைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 'சி' என்பது எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். ஆக, ஐம்பது எழுத்துக்குள்ளேயே எல்லை வந்துவிடலாம். விண்டோஸ் ஏற்றுக்கொண்ட திருமண அழைப்பிதழின் நீண்ட பெயரைச் சர்வர் மறுப்பது இதனால்தான். பெயரைச் சுருக்கினால் போதும்.

'ஃபெயில்2பேன்' நிறுவுங்கள், இல்லையெனில் 22ஆம் போர்ட்டைத் தட்டுகிறவர்களின் கூட்டம் ஓயாது. இயல்பாக, 10 நிமிடத்தில் ஐந்து தவறான முயற்சிக்கு 10 நிமிடத் தடை. தடை லாகினுக்கு அல்ல, ஐபிக்கு. வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஒருவர் தவறாகத் தட்டினால் அங்கிருக்கும் எல்லாரும் வெளியே நிற்பார்கள். நிலையான ஐபி உள்ளவர்களை விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. வாடிக்கையாளர் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். 'ரெஸ்டிக்' போன்ற கருவியால் இரவுதோறும் மறையாக்கம் செய்த நகல் எடுங்கள். ஒரு நகல் வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் எரிந்த கடைகளில் கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே போயிருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உறவினர் அலுவலகத்தில் ஒரு சிறு பெட்டி வைத்தாலும் போதும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

சட்டமும் விடைபெறுதலும்

2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகிறது. வாடிக்கையாளர் சார்பாக அவருடைய ஊழியர் சம்பளப் பட்டியலையும் அடையாள எண்களையும் வைத்திருக்கும் நீங்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'ஆபரேட்டர்'. 21ஆம் பிரிவுப்படி உங்களோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். தகவல் அந்நியர் கைக்குப் போனது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வாடிக்கையாளருக்கு உடனே சொல்ல வேண்டும். அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். யார் எப்போது நுழைந்தார் என்று எழுதும் பதிவுகளை வாரக் கணக்கில் அழியவிடாமல் மாதக் கணக்கில் வைத்திருங்கள். சந்தேகம் எழும் நாளில் பதில் சொல்ல அவைதான் இருக்கும்.

ஒருவருடைய லாகினை மூடும்போது, 'யூசர்மாட்' பெரிய எல் பாஸ்வேர்டை மட்டும் பூட்டும். அவர் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருந்தால் அது இன்னும் திறக்கும். 'சேஜ்' கட்டளையால் பெரிய ஈ-க்கு 0 கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அதனாலும் வெளியேற மாட்டார், 'பிகில்' சின்ன யூ கொடுத்து அவர் இணைப்பை முடியுங்கள்.

வாடிக்கையாளர் முழுவதுமாக விலகினால், எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வரிப் பதிவுகளை ஐந்து ஆண்டும், நிறுவனங்கள் சட்டப்படியான பதிவுகளை ஏழு ஆண்டும் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஒப்பந்தத்தில் அதை உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறாரா என்று அழிப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். பிறகு, பைண்ட் மவுண்ட் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், எஃப்ஸ்டேப் வரியையும் நீக்குங்கள். கழற்றாமல் கே101 ஃபோல்டரை அழித்தால், 'ஆர்ஓ' போட மறந்திருந்த பட்சத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான படிவங்கள் அத்தனையும் சேர்ந்தே போகும். கே101 என்ற எண்ணை வேறு யாருக்கும் மறுபடி கொடுக்காதீர்கள், பழைய பேக்கப்புகளில் அது இன்னும் அவருடைய பெயராகவே இருக்கிறது.